வேலையில் தொடர்வதா, சொந்தத் தொழில் தொடங்குவதா? எப்படி முடிவெடுப்பது?

சம்பளம் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். பணம் என்றைக்குக் கைக்கு வருகிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். ஜனவரி 5-ம் தேதி சரக்கு வாங்கி, 20-ம் தேதி வேலையை முடித்து பில் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வாடிக்கையாளர் 60 நாள் தவணை கேட்டால் மார்ச் மூன்றாவது வாரத்தில்தான் பணம் வரும். அதற்குள் இரண்டு மாத வாடகையும் கூலியும் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். ஏட்டில் லாபம் காட்டும் தொழில்கூட இந்த இடைவெளியில் மூச்சுத் திணறி மூடப்படுவதுண்டு.

அதனால் ஒரு வருட வீட்டுச் செலவுக்கான பணம் தனியாக இருந்தால் மட்டுமே வேலையை விடுங்கள். அதைத் தொழிலில் போட்டுவிடாதீர்கள், எவ்வளவு ஆசை வந்தாலும்.

வேலையில் இருந்தபடியே தொடங்குவது தைரியக் குறைவு இல்லை. 1976 ஏப்ரலில் ஆப்பிள் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார். முதலீட்டாளர் மைக் மார்க்குலா வற்புறுத்திய பிறகே அதை விட்டார். ஆனால் உங்கள் வேலை ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். பக்கத்தொழிலுக்குத் தடை இருக்கலாம்; நீங்கள் உருவாக்குவது நிறுவனத்துக்கே சொந்தம் என்றும் எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. பிடித்த வேலையைச் செய்யத்தான் தொழில் என்று நினைப்போம். ஆனால் நாளில் பெரும்பகுதி வாடிக்கையாளரைப் பிடிப்பதிலும், நிலுவையைக் கேட்டு போன் செய்வதிலும், வரிக் கணக்கிலும் போய்விடும். இது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிய, முன்பின் தெரியாத ஒருவரிடம் தள்ளுபடி இல்லாமல் விற்று, பணத்தையும் வசூலித்துப் பாருங்கள்.