திறப்புக் கோர்வையோடு கொடுக்காதது

அன்புள்ள அக்கா,

வன்னியில் கடலோரப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். ஊரையும் பெயரையும் போடவேண்டாம். ஆறு வருடம் எங்களோடு இருந்த ஃபாதருக்குப் புரட்டாதியில் மாற்றம் வந்தது. அரைகுறையாக நின்ற கோயிலைக் கட்டி முடித்தவர். போன அன்று ஊரே அழுதது.

புதியவர் வந்ததும் திருவிழாக் கணக்கைக் கேட்டார். பாடகர் குழுவில் கை வைத்தார். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நினைவுப் பூசையில் பெயர்கள் வாசிக்கும்போது, 2009இல் போர் முடிந்தபோது வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டு, பிறகு சேதியே இல்லாத ஒரு பிள்ளையின் பெயரையும் சேர்த்து வாசித்துவிட்டார். தாய் எழும்பி வெளியே போனார். இன்றுவரை கோயிலுக்கு வரவில்லை. முந்தின ஃபாதர் அந்தப் பெயர்களை வேறு தாளில் வைத்திருப்பார். மரித்தோரோடு ஒருநாளும் வாசிக்கமாட்டார்.

இப்போது பழையவரைத் திருப்பி அனுப்பும்படி ஆயருக்கு மனு தயாராகிறது. நானும் கையெழுத்துப் போடவா?

பதில்:

அன்புள்ள தம்பி,

போடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் எனக்கு ஒன்று தெரியவேண்டும். அன்று அவர் அந்த இரண்டாவது தாளைக் கையில் எடுத்தபோது பக்கத்தில் நின்றது யார்? கோயில் வேலைகளைப் பார்க்கிற சங்கிலித்தாம் நின்றிருப்பார். அருட்பணிச் சபையில் ஒருவராவது முன் வாங்கில் இருந்திருப்பார். அந்தத் தாள் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், வந்து இரண்டு மாதமும் ஆகாத அந்த மனுசனைத் தவிர. நவம்பர் 2க்கு முதல் அவரிடம் ஒருவர் போய், "ஃபாதர், இது செத்த ஆக்களின்ர பட்டியல் இல்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

அவரில் பிழை இல்லை என்று சொல்லவரவில்லை. வன்னிக்கு வருகிற எந்தக் குருவுக்கும், ஒரு பெயரை மரித்தோரோடு சேர்க்கமுன் விசாரிக்கவேண்டும் என்ற புத்தி இருக்கவேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காய் நடந்தது எதற்கு? பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லு, அதுவரை அவனைச் செத்தவனாக எழுதாதே என்பதற்குத்தானே. அந்தப் பெயர்களில் ஒரு சுவாமியும் இருக்கிறார். 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு கூடப்போன பிரான்சிஸ் யோசப் அடிகளார். அவரைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. அதே நாளில்தான் சனத்தோடு வெளியேறி வந்த சரத்ஜீவன் அடிகளார் உயிரை விட்டார். ஒருவருக்கு மரித்தோர் பூசையில் இடம் உண்டு, மற்றவருக்கு அந்த இடத்தைக் கொடுக்க எங்களுக்கு வாய் வராது. இந்த வித்தியாசம் குருமடத்துப் பாடப்புத்தகத்தில் இராது.

என்னுடைய ஐயா எங்கள் ஊரில் மூப்பராக, கோயில் காரியங்களைப் பார்க்கிற ஊர்ப் பெரியவராக, இருந்தவர். புதுச் சுவாமி வந்தால் அவருக்கு ஒரு வழக்கம். முதல்நாள் திறப்புக் கோர்வையைக் கொடுப்பார். ஞானஸ்நான, விவாக, மரணப் பதிவேடுகளை மேசையில் அடுக்கிக் காட்டுவார். அது சட்டப்படியான வேலை, அரைமணித்தியாலத்தில் முடிந்துவிடும். இரண்டாம் நாள் பின்னேரம் சுவாமியையும் சைக்கிளில் வரச்சொல்லி ஊரைச் சுற்றுவார். ஒருமுறை, எண்பதுகளின் நடுவில், நானும் ஐயாவின் சைக்கிள் பாரில் இருந்து போனேன். ஒரு படலையில் காலை ஊன்றிக்கொண்டு, "இவை தண்ணி தந்தால் வாங்கிக் குடியுங்கோ சுவாமி, முந்தி ஒருத்தர் குடிக்கேல்லை" என்றார். அடுத்த ஒழுங்கையில் விளக்கு வைக்காத ஒரு வீடு. ஐயா சைக்கிளை நிறுத்தவில்லை, கொஞ்சம் மெதுவாக்கினார். "இங்க எத்தினை பிள்ளையள் எண்டு கேக்காதேங்கோ." அவ்வளவுதான். சுவாமியும் ஏன் என்று கேட்கவில்லை.

உங்கள் ஊரில் இந்த இரண்டாம் நாள் நடக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆறு வருடமாக எல்லாம் ஒரு மனுசனின் தலைக்குள் இருந்திருக்கிறது. எந்தத் தாய்க்கு எந்தப் பெயர், எந்த இரண்டு குடும்பம் ஒரே வாங்கில் இராது, வெளிநாட்டிலிருந்து யார் எதற்குக் காசு அனுப்புகிறார், எல்லாம். நல்ல குரு என்பதால் நீங்களும் நிம்மதியாக எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டீர்கள். அவர் பெட்டியைத் தூக்கியதும் அதுவும் சேர்ந்து போய்விட்டது.

மாற்றம் என்ற சொல்லே எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும். இருந்தவர் எழும்பிப் போவதை நாங்கள் அளவுக்குமேல் பார்த்துவிட்டோம். மடுக் கோயில் மாதாவின் சுருபமே 2008இல் போரில் தேவன்பிட்டிவரை இடம்பெயர்ந்து திரும்பியது. ஆனபடியால் அழுததை நான் குறை சொல்லமாட்டேன்.

மனுவுக்கு வருவோம். பங்குக் குருவைக் காலவரையறை இல்லாமல் நியமிப்பதே முறை, ஆயர் பேரவை இணங்கினால் குறித்த காலத்துக்கு நியமிக்கலாம் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 522ஆம் இலக்கம். சனத்தின் வெறுப்பும் ஒரு குருவை நீக்கக் காரணமாகலாம். 1741ஆம் இலக்கத்தில் அதுவும் இருக்கிறது. ஆனால் விரைவில் தீராது என்று தோன்றும் வெறுப்பாக இருக்கவேண்டும். உங்களுடைய வெறுப்புக்கு வயது மூன்று நான்கு மாதம். இன்னொன்று தெரியுமா? அந்தச் சட்டநூலின் ஆகக் கடைசி இலக்கமான 1752 பங்குக் குருக்களின் மாற்றத்தைப் பற்றியதுதான். ஆன்மாக்களின் மீட்பே திருச்சபையில் மேலான சட்டம் என்று புகழ்பெற்ற அந்த வரி அங்கேதான் வருகிறது. இவ்வளவு பெரிய வார்த்தையை ஒரு இடமாற்ற விவகாரத்துக்குள் கொண்டுபோய் வைத்தவர்களுக்குப் பங்குகளின் சண்டை நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும்.

நானும் ஒருகாலத்தில் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டவள்தான். கூத்தை நடுச்சாமத்தோடு நிறுத்தச் சொன்ன ஒரு சுவாமிக்கு எதிராக. மனு அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் எங்களோடு கடைசிவரை நடந்தவரும் அவர்தான். போரின் கடைசி மாதங்களில் சனம் ஒதுங்கியிருந்த மாத்தளனில், கஞ்சி வரிசையில் என்னைக் கண்டு, "கூத்துக்காரி, கோப்பையை நீட்டு" என்றார். நான் கையெழுத்துப் போட்டது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கணக்குக் கேட்டது சரி. பங்குக்கு நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது சட்டம், கேட்டவரில் கோபப்பட ஒன்றுமில்லை. பாடகர் குழு விஷயம் எனக்குத் தெரியாது, அதற்குள் நான் வரவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாக நிற்கவேண்டும். பழைய ஃபாதருக்கு வைபரில் எடுத்துக் கதை சொல்லுவதை நிறுத்துங்கள். கடிதத்தில் எழுதாவிட்டாலும் அது நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அவரிடம் ஒரேயொருதரம் எடுங்கள், அந்த இரண்டாவது தாளில் இருக்கிற பெயர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைக் கேட்க. கேட்டதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த காலத்தில் கோவாவிலிருந்து வந்த குரு யோசேவாஸ் முனிவர் எப்போதாவது வந்துபோன ஊர்களில் செபத்தையும் ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் பார்த்துக்கொண்டது மூப்பர்மார்தான். ஒரு கொப்பி எழுத உங்களால் முடியாதா?

எழுதியதும் அதைக் கொண்டுபோய்ப் புதியவரிடம் கொடுங்கள். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தாயிடம் போங்கள். நீங்கள் தனியாகப் போய் அவருக்காக மன்னிப்புக் கேட்கவேண்டாம், அதை அவரே கேட்கட்டும். முதல்முறை அந்த அம்மா படலை திறக்காமலும் விடலாம், இன்னொருநாள் போங்கள். தபசுகாலம் தொடங்கமுன் போவது நல்லது. தொடங்கினால் அவருக்கும் நேரம் இராது, உங்களுக்கும் பாஸ்கு, அதுதான் இயேசுவின் பாடுகளின் நாடக, ஒத்திகை வந்துவிடும்.

அன்புடன்,
அக்கா