டயாலிசிஸ் இல்லாத நாளில் உடற்பயிற்சி: வாசகர் கேள்வி பதில்

கணவருக்கு வயது 58. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். சுகரும் உண்டு. திண்ணையில் உட்கார்ந்தால் தூணைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. 'நடக்கச் சொல்லுங்கள்' என்கிறார்கள். எப்போது, எவ்வளவு?
- வாசகி, கும்பகோணம்

தூணைப் பிடித்து எழுபவருக்கு முதல் வேலை தொடைக்கு, நடை அப்புறம்தான். ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; நெஞ்சுவலி வந்தவர் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும்.

கை வைத்த மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும். ஜமக்காளத்தை நாலாக மடித்து இருக்கையில் போட்டு உயரம் கூட்டுங்கள். நுனிக்கு நகர்ந்து, பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, முன்னால் சாய்ந்து எழ வேண்டும். எழ இரண்டு எண்ணிக்கை, உட்கார நாலு. தொப்பென்று உட்கார்ந்தால் பாதிப் பலன் போச்சு. மெதுவாக இறங்கும்போதும் தொடை பலப்படும். மூச்சை அடக்கவும் கூடாது, பிரஷர் ஏறும். எழும்போது வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானே வெளியேறும்.

முதல் வாரம் 5 தடவை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 5. வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டி 10 வரை போகலாம். 10 சுலபமானதும் ஜமக்காளத்தில் ஒரு மடிப்பைக் குறையுங்கள். கூடவே, தூணைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 தடவை. மஞ்சப்பையில் அரைக் கிலோ மணல் கட்டிக் கணுக்காலில் சுற்றி, உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்குவது காலுக்கு 10.

புதன், வெள்ளி, ஞாயிறு இதற்குத் தோதான நாட்கள். திங்களும் டயாலிசிஸ் இல்லாத நாள்தான், ஆனால் சனிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி விழுவதால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறி நிற்கும். அன்று எடை பார்த்துவிட்டு மெதுநடையோடு நிறுத்துங்கள். டயாலிசிஸ் முடிந்து வந்த மாலை எதுவும் வேண்டாம். நீர் எடுத்த உடம்பு எழுந்து நின்றால் பிரஷர் சரியும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஏறியிருப்பதால் விழுந்து அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது.

நடை ஒரு வேளைக்கு 10 நிமிடம், காலை மாலை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். 2017இல் வெளியான இத்தாலிய ஆய்வில், ஆறு மாதம் வீட்டிலேயே இப்படி மிதமாக நடந்தவர்கள் 6 நிமிடத்தில் கடக்கும் தூரம் சராசரி 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. வயல் வரப்பு வேண்டாம். சுகரால் பாதம் மரத்திருந்தால் முள்ளும் தெரியாது, சறுக்கலும் தெரியாது. பின்வார் வைத்த செருப்போடு தெருவில் நடக்கட்டும். வந்ததும் பாதத்தைப் பாருங்கள்.

மேல் பிரஷர் 180க்கு மேலோ 100க்குக் கீழோ இருந்தால், காய்ச்சல் இருந்தால், ஒரு டயாலிசிஸ் தவறியிருந்தால், படுத்தால் மூச்சு வாங்கினால் அன்று லீவு. சுகர் 100க்குக் கீழே என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் வெள்ளைச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். இளநீரோ ஆரஞ்சுச் சாறோ கூடாது, இரண்டிலும் பொட்டாசியம்.

இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) போட்டு மூன்று வாரம் ஆகிறது. பந்து அமுக்கலாமா? பிறகு குடம் தூக்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

தையல் ஆறி, சர்ஜன் சரி சொல்லிவிட்டால் அமுக்கலாம். மெத்தென்ற ரப்பர் பந்தை 5 எண்ணும் வரை அழுத்தி விடுங்கள்; 10 தடவை, நாளுக்கு நாலைந்து வேளை. கை வீங்கினாலோ விரல் குளிர்ந்து வெளுத்தாலோ நிறுத்திக் காட்டுங்கள். ஊசி போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு, ஊசி குத்திய அன்று அந்தக் கைக்கு ஓய்வு. குடம், நெல் மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் மற்றக் கைக்குத்தான். காலையும் இரவும் ஃபிஸ்டுலா இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள்: உர்ரென்ற அதிர்வு இல்லை என்றால், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்கு வயிற்று வழி டயாலிசிஸ். வயிற்றுக்குள் விடும் நீர்ப் பை 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வருகிறது. அவருக்கும் இதே பயிற்சிதானா? ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குளிக்க ஆசைப்படுகிறார்.
- வாசகி, மயிலாடுதுறை

நாற்காலிப் பயிற்சியும் நடையும் அப்படியே செய்யலாம். வயிற்றை மடக்கி எழும் பயிற்சியும் கனம் தூக்குவதும் கூடாது. உள்ளே இரண்டு லிட்டர் நீர் இருக்கும்போது அழுத்தம் ஏறினால் குடலிறக்கம் வரலாம். நீரை வடித்த பிறகு பயிற்சி செய்தால் மூச்சும் சுலபம். அதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். ஆறு, வாய்க்கால், குளம் மூன்றும் வேண்டாம்: வயிற்றில் குழாய் வெளியே வரும் இடம் வழியாகக் கிருமி ஏறினால் வயிற்று உறையே புண்ணாகிவிடும். வடித்த நீர் கலங்கலாக வந்தால் அன்றைக்கே பையோடு மருத்துவமனைக்குப் போங்கள்.