இலத்தீன் பூசைக் கோவில்களின் சாமிமார்: கேள்வி – பதில்

1962ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகப்படி, அதாவது பழைய இலத்தீன் முறையில், வழிபாடு நடக்கும் பாரம்பரியப் பங்குகளையும், அங்கே பணியாற்றும் குருக்களையும் பற்றி வெளிநாட்டு வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் சில இந்த மாதம்.

வாசகர், இங்கிலாந்து: எங்கள் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இரண்டு கோவில்களில் இலத்தீன் பூசை நடக்கிறது. இரண்டிலும் கறுப்பு அங்கி, ஒரே மாதிரிப் பூசை. ஆனால் ஒன்றுக்கு மட்டும் போகச் சொல்கிறார் எங்கள் பங்குசாமி. என்ன வித்தியாசம்?

பூசையில் தேடினால் வித்தியாசம் கிடைக்காது. அந்தக் குருவை அங்கே அனுப்பியது யார் என்று கேளுங்கள்.

பேராயர் மார்செல் லெஃபெவர் 1970இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது புனித பத்தாம் பத்திநாதர் சபை. 1988 ஜூன் 30 அன்று எக்கோன் என்ற ஊரில், திருத்தந்தையின் அனுமதி இல்லாமல் அவர் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். அதை ஏற்க முடியாத குருக்கள் சிலர் வெளியேறி, அடுத்த மாதமே ரோமையின் ஒப்புதலோடு புனித பேதுரு குருத்துவ சபையை நிறுவினார்கள். இன்னொன்று கிறிஸ்து அரசர் நிறுவனம். 1990இல் காபோன் நாட்டில் தொடங்கியது, தலைமைக் குருமடம் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்துக்கு அருகில். இவை தவிர, சில இடங்களில் மறைமாவட்டக் குருக்களே ஆயரின் அனுமதியோடு பழைய முறையில் பூசை வைக்கிறார்கள்.

பேதுரு சபைக்காரரும் கிறிஸ்து அரசர் நிறுவனத்தாரும் உள்ளூர் ஆயரின் சம்மதத்தோடு, அவர் தந்த அதிகாரத்தோடு வருகிறவர்கள். பத்திநாதர் சபையின் கோவில்கள் ஆயரின் ஆட்சிக்குள் அடங்காதவை. பாளையங்கோட்டையில் அந்தச் சபைக்கு இல்லம் இருப்பதால், திருநெல்வேலிப் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பூசையின் நடுமன்றாட்டில் திருத்தந்தை பெயரும் ஆயர் பெயரும் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வோர் உண்டு. அந்தப் பகுதியைச் சாமியார் வாய்க்குள்ளேயே சொல்வார், காதில் விழாது. விழுந்தாலும் பயனில்லை, பத்திநாதர் சபையாரும் இரண்டு பெயரையும் சொல்கிறார்கள். திருத்தந்தை பெயரை விட்டுவிடுகிறவர்கள் வேறொரு கூட்டம்: இன்று பேதுருவின் இருக்கை காலியாகக் கிடக்கிறது, அதாவது உண்மையான திருத்தந்தை இல்லை, என்பவர்கள். உடுப்பும் பெரிதாக உதவாது. வழிபாட்டில் நீலத் தோள்போர்வை தெரிந்தால் கிறிஸ்து அரசர் நிறுவனம் எனலாம், அவ்வளவுதான். நேர்வழி, மறைமாவட்டத்தின் குருக்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது.

வாசகர், பாரிஸ்: பெரிய திருநாள் பூசையில் பீடத்தில் மூன்று சாமிமார் நின்றார்கள். பாரம்பரியக் கோவில்களில் கூட்டுத் திருப்பலி இல்லை என்று சொல்லியிருந்தீர்களே?

நீங்கள் பார்த்தது கூட்டுத் திருப்பலி இல்லை. பூசை வைத்தவர் ஒருவர்தான். மற்ற இருவரும் குருக்களாகவே இருந்தாலும், அன்று ஒருவர் திருத்தொண்டர், மற்றவர் துணைத் திருத்தொண்டர். பழைய முறையில் குருக்கள் சேர்ந்து பூசை சொல்வது குருப்பட்டம், ஆயர் பட்டம் கொடுக்கும் நாட்களில் மட்டும்தான். எனவே அந்த இருவரும் தங்கள் பூசையை வேறு நேரத்தில், பெரும்பாலும் பக்கப் பீடத்தில், தனியாக வைத்திருப்பார்கள்.

உடுப்பைப் பார்த்தாலே யார் எவர் என்று சொல்லிவிடலாம். பூசை வைக்கிறவருக்குப் பூசை மேலாடை. அதனுள்ளே தோள்பட்டை என்ற நீளத் துணி மார்பில் குறுக்கே மடிந்திருக்கும். திருத்தொண்டருக்குக் கைவைத்த மேலாடை, தோள்பட்டை இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குச் சாய்வாக இறங்கும். துணைத் திருத்தொண்டருக்குத் தோள்பட்டையே கிடையாது. அவர் அசல் குருவாக இருந்தாலும் அன்று அணியமாட்டார். மூவருக்கும் இடது முன்கையில் ஒரு சிறு பட்டை தொங்கும்.

வேலைப் பங்கீடும் கறாரானது. நிருபத்தைத் துணைத் திருத்தொண்டர் பாடுவார், நற்செய்தியைத் திருத்தொண்டர் பாடுவார். அப்போது புத்தகத்தைத் தாங்கி நிற்பவர் துணைத் திருத்தொண்டர். காணிக்கை நேரத்தில் கிண்ணத்தில் இரசம் ஊற்றுவது திருத்தொண்டர், தண்ணீர் சேர்ப்பது துணைத் திருத்தொண்டர். பிறகு அப்பத்தட்டைத் தோள்துகிலால் மூடிப் பிடித்துக்கொண்டு, 'பரலோக மந்திரம்' முடியும் தறுவாய் வரை துணைத் திருத்தொண்டர் படிக்குக் கீழே நிற்பார். பாதிப்பேர் அவர் எதற்காக அங்கே நிற்கிறார் என்று தெரியாமலேயே வீட்டுக்குப் போகிறார்கள். இறந்தோர் பூசையில் இந்தத் தட்டுப் பிடித்தல் இல்லை.

சிக்கல் ஆள் பற்றாக்குறையில் வருகிறது. துணைத் திருத்தொண்டர் பட்டத்தை 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இலத்தீன் திருச்சபையில் நிறுத்திவிட்டார். பாரம்பரியச் சபைகளின் குருமடங்களில் மட்டும் தொடர்ந்து கொடுக்கிறார்கள். அந்தப் பட்டம் இல்லாத ஒரு குருமட மாணவர் அந்த இடத்தில் நின்றால் அவருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு: கைப்பட்டை அணியக்கூடாது, கிண்ணத்தில் தண்ணீர் சேர்க்கக்கூடாது, பூசை நடுவே கிண்ணத்தைத் தொடவோ மூடவோ திறக்கவோ கூடாது, நற்கருணைக்குப் பின் அதைத் துப்புரவு செய்யக்கூடாது. அந்த வேலைகளைத் திருத்தொண்டரும் பூசை வைப்பவரும் பார்த்துக்கொள்வார்கள். ஒத்திகை இல்லாத கோவில்களில் தடுமாற்றம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: தண்ணீர்க் குப்பி எதிர்பாராத ஆளிடம் நீளும், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டு பேர் கிடைக்காவிட்டால் இழுத்துக்கட்டி மூவர் நிற்கும் ஆடம்பரப் பூசை வைப்பதைவிட, ஒரே குருவும் நல்ல பாடகர் குழுவும் பீடச் சிறுவர்களும் கொண்ட பாட்டுப் பூசை எவ்வளவோ மேல்.

வாசகி, கனடா: என் மகளின் திருமணத்தைப் பாரம்பரியக் கோவிலில் வைக்க ஆசை. அந்தச் சாமியாரும் சரி என்றுவிட்டார். வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். பூசைக்குத் தேவைப்படாத ஒரு அதிகாரம் திருமணத்துக்குத் தேவை. அது இல்லாமல் மணமக்களின் சம்மதத்தைக் குரு கேட்டு வாங்கினால் திருமணமே செல்லாது.

முதலில், அந்தக் கோவில் பங்கா, வெறும் சிற்றாலயமா என்று கேளுங்கள். பாரம்பரிய வழிபாட்டுக்கென்றே ஆயர் நிறுவிய பங்குகள் எல்லை வைத்து அமைவதில்லை, ஆட்களை வைத்து அமைகின்றன. ரோமையில் 2008இல் பதினாறாம் பெனடிக்ட் காலத்தில் நிறுவி, பேதுரு சபையிடம் ஒப்படைத்த 'பயணிகளின் தூய திரித்துவம்' கோவில் அப்படிப்பட்டது. இத்தகைய பங்கின் பங்குத்தந்தை தன் அதிகாரத்தால் நடத்திவைக்க, மணமக்களில் ஒருவராவது அந்தப் பங்கைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் (திருச்சபைச் சட்டம் 1110). எல்லை வைத்து அமைந்த சாதாரணப் பங்கில், தன் எல்லைக்குள் வெளிப்பங்கு ஜோடிக்கும் பங்குத்தந்தை செல்லுபடியாக நடத்தலாம். இங்கே அந்த வசதி இல்லை. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். சிற்றாலயமாக இருந்தாலோ, உங்கள் மகளும் மாப்பிள்ளையும் அந்தப் பங்கில் சேராதவர்களாக இருந்தாலோ, ஆயரோ அந்த இடம் யார் எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பங்குத்தந்தையோ அந்தக் குருவுக்கு ஒப்படைப்பு அதிகாரம் தர வேண்டும். 'போனில் சொல்லிவிட்டார்கள்' என்று விட்டுவிடாமல் கடிதத்தைக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

பத்திநாதர் சபைக் கோவில் என்றால் 2017இல் ரோமை வகுத்த வழி ஒன்று உண்டு: ஆயர் அனுப்பும் ஒரு குரு சம்மதத்தைக் கேட்டு வாங்குவார், அதைத் தொடர்ந்து சபைக் குரு பூசை வைப்பார். அதற்கு வழியே இல்லாதபோது சபைக் குருவுக்கே ஆயர் அதிகாரம் தரலாம். பாவசங்கீர்த்தனம் கேட்க அவர்களுக்கு அதிகாரம் 2015இல் பிரான்சிஸ் தந்தது. அது திருமணத்துக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

மகள் ஞானஸ்நானம் பெற்ற ஊர்ப் பங்கிலிருந்து புதிதாக எடுத்த சான்றிதழ் கேட்பார்கள். பெட்டியில் இருக்கும் பழைய காகிதம் ஆகாது. ஓலை, அதாவது கோவிலில் திருமண அறிவிப்பு, வாசிக்கவும் நாள் ஒதுக்குங்கள். திருமணம் முடிந்ததும் அந்த ஊர்ப் பங்குக்குத் தகவல் போய், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறியதா என்று ஒருமுறை விசாரியுங்கள். அதிகாரக் குறை பின்னால் தெரியவந்தாலும் சரிசெய்ய வழி இருக்கிறது. உரிய அதிகாரம் உள்ள குரு முன்னிலையில் சம்மதத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும், அல்லது ஆயர் வழியாகச் செல்லுபடியாக்க வேண்டும்.

வாசகர், ஜெர்மனி: அப்பாவின் ஆண்டு நினைவுக்கு ஞாயிறு பூசை கேட்டேன், கறுப்பு உடுப்போடு. சாமியார் செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்கிறார். பணம் குறைவா?

பணம் காரணமில்லை. ஞாயிறும் கடன் திருநாட்களும் பங்குத்தந்தை ஒரு பூசையைத் தன் மக்களுக்காகவே ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர். அன்று ஒரே பூசை என்றால் அதை உங்கள் அப்பாவுக்காக ஒப்புக்கொடுக்க இடமில்லை. கறுப்பு உடுப்பில் ஆண்டு நினைவுப் பூசையை ஞாயிறு வைக்க 1962 ஒழுங்கும் இடம் தராது. செவ்வாயை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாசகர், அமெரிக்கா: எட்டு ஆண்டு இருந்த பேதுரு சபைச் சாமியாரைத் திடீரென மாற்றிவிட்டார்கள். ஆயரிடம் மனு கொடுத்தால் நிற்பாரா?

கஷ்டம். சபைக் குருவைச் சபைத் தலைவர் முன்மொழிய ஆயர் நியமிக்கிறார். திரும்ப அழைக்கும்போது சபை ஆயருக்குத் தெரிவித்தால் போதும், அவர் சம்மதம் வேண்டியதில்லை. ஆயர் நீக்கும்போதும் அப்படியே, சபையின் சம்மதம் வேண்டாம். மறைமாவட்டப் பங்குத்தந்தைக்கு இருக்கும் நிலைப்பாடு இவர்களுக்கு இல்லை. மனுவைச் சபையின் மாவட்டத் தலைவருக்கு அனுப்புங்கள். மாற்றத்தை நிறுத்தாவிட்டாலும், அடுத்து வருகிறவருக்குப் பாட்டுப் பூசை பாடத் தெரிய வேண்டும் என்றாவது எழுதலாம்.

வாசகி, பிரான்ஸ்: இவர்களை எப்படிக் கூப்பிடுவது?

பிரான்சில் மறைமாவட்டக் குருவானாலும் பேதுரு சபைக் குருவானாலும் 'அபே' என்பது வழக்கம். கிறிஸ்து அரசர் நிறுவனத்தாரை 'ஷனுவான்' என்பார்கள். தமிழில் பேசினால் 'சாமி' போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.