துஜா உருண்டையும் ரேபிஸ் ஊசியும்

கேள்வி: எங்க பொமரேனியன் குட்டிக்கு மூணரை மாசம் ஆகுது. ரேபிஸ் ஊசி போட்டுட்டு வந்ததும் ரெண்டு நாள் சரியா சாப்பிடல, மூலைல போய் படுத்துக்கிச்சு, ஊசி போட்ட இடத்துல சின்னதா கட்டி வேற. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் துஜா 200ங்கற ஹோமியோ உருண்டை குடுத்தார், மூணாவது நாள் பழையபடி ஓட ஆரம்பிச்சிடுச்சு. இனிமே பூஸ்டர் எதுவும் வேணாம், ரேபிஸுக்கும் பார்வோங்கற வைரஸ் பேதிக்கும் ஹோமியோலயே நோசோட்னு மருந்து இருக்கு, பக்கவிளைவே கிடையாதுன்னு சொல்றார். செய்யலாமா சார்? நேத்து விளையாடும்போது பையன் கைல லேசா பல்லு பட்டு கீறிடுச்சு, அதுக்கும் அதே உருண்டை போதுமா?
வாசகி, பெரம்பூர்

பதில்: கடைசி வரிலேர்ந்து ஆரம்பிக்கறேன் மேடம், ஏன்னா நீங்க போற போக்குல எழுதின அந்த வரிதான் இந்தக் கடிதத்துலயே அவசரமானது. பத்திரிகை அச்சாகி வர்ற வரைக்கும் வச்சிருக்கக்கூடாதுன்னு உங்களுக்கு அன்னிக்கே தனியா பதில் போயாச்சு, இது மத்தவங்களுக்கு. நாய்ப்பல்லு பட்டு தோல் கீறிச்சுன்னா குழாயத் தொறந்துவிட்டு சோப்பு போட்டு பதினஞ்சு நிமிஷம் கழுவணும், மஞ்சள் சுண்ணாம்புன்னு எதையும் அப்பக்கூடாது, நேரா ஜிஎச் போகணும். ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி உண்டு, ரத்தம் வந்திருந்தா ஊசியோட காயத்தச் சுத்தி இம்யூனோகுளோபுலினும் (உடனே வேலை செய்யற ரெடிமேட் எதிர்ப்பு சக்தி) போடுவாங்க. நம்ம வீட்டு நாய்தானே, குட்டிதானே, ஊசி போட்டாச்சேங்கறதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுங்க, முடிவு அவர் எடுக்கட்டும். ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பிச்சா அப்புறம் உலகத்துல எந்த மருந்தாலயும் பெரும்பாலும் காப்பாத்த முடியாது, நம்ம நாட்டுல மட்டும் வருஷத்துக்கு 18,000லேர்ந்து 20,000 பேர் வரைக்கும் இதுல சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது.

இப்ப அண்ணன் விஷயத்துக்கு வருவோம். ஊசி போட்ட குட்டி ரெண்டு நாள் சோர்ந்து படுக்கறது, லேசா காய்ச்சல், ஊசி குத்தின இடத்துல பட்டாணி மாதிரி ஒரு கட்டி, இதெல்லாம் உடம்பு அந்த மருந்தப் பாத்துட்டு வேலை செய்யுதுங்கறதுக்கு அடையாளம், பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல சோர்வு தானா போகும், கட்டி கொஞ்சம் மெதுவா கரையும். உங்க குட்டிக்கு மூணாவது நாள் சரியாச்சு. துஜா குடுக்காட்டியும் மூணாவது நாள்தான் சரியாகியிருக்கும், காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான்.

இந்த துஜா எங்கேர்ந்து வந்துச்சுன்னு அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். 1884ல லண்டன்ல ஜேம்ஸ் காம்ப்டன் பர்னெட்னு ஒரு ஹோமியோ டாக்டர், பெரியம்மைக்கு மனுஷங்களுக்குக் குத்தின தடுப்பூசியால ஒரு வியாதி வருது, அதுக்குப் பேரு வேக்சினோசிஸ், அதுக்கு மருந்து துஜான்னு ஒரு புத்தகமே போட்டார். அவர் குறை சொன்ன அந்தத் தடுப்பூசிய வச்சுத்தான் 1980ல பெரியம்மையே உலகத்துல இல்லன்னு அறிவிச்சாங்க. நோய் போச்சு, அந்த ஊசியும் வழக்கத்துல இல்ல, ஆனா அதுக்காக சொன்ன மாத்திரை மட்டும் நூத்தி நாப்பது வருஷம் தாண்டி பெரம்பூர்ல ஒரு பொமரேனியன் வாய்க்குள்ள போகுது! இதுல இன்னொரு வேடிக்கை, ஹோமியோபதிய உண்டாக்கின ஹானிமன் தன்னோட ஆர்கனான்ங்கற புத்தகத்துல மாட்டம்மை குத்தறதால, அதாவது அந்தக் காலத்துப் பெரியம்மை தடுப்பூசியால, பெரியம்மை வராம போறத தன் கொள்கைக்கு சாட்சியா எடுத்துக் காட்டியிருக்கார். குருவே தடுப்பூசிய எதிரியா நினைக்கல.

200ன்னா என்னன்னு சீசாவப் பாத்துக் கேட்டீங்களா? ஒரு பங்கு மருந்து, தொண்ணூத்தொம்போது பங்கு சாராயமோ தண்ணியோ, குலுக்கி, அதுலேர்ந்து ஒரு பங்கு எடுத்து மறுபடி தொண்ணூத்தொம்போது, இப்படி 200 தடவை. 12 தடவை தாண்டும்போதே மூலப்பொருளோட ஒரு மாலிக்யூல் கூட மிஞ்ச வாய்ப்பு இல்லாம போயிடுது, அப்ப உங்க குட்டி சாப்பிட்டது சர்க்கரை உருண்டை. பக்கவிளைவு இல்லன்னு அண்ணன் சொன்னது அந்த வகைல உண்மைதான், விளைவே இல்லாதப்ப பக்கத்துல என்ன இருக்கப்போகுது. ஆனா சீசால 200க்கு பதிலா 'க்யூ'ன்னு போட்டிருந்தா அது தாய்த்திராவகம், நீர்க்காதது, சாராயத்துல ஊறினது, துஜா இலைல இருக்கற துஜோன் அளவு மீறினா வலிப்பு வரவைக்கும். ரெண்டு கிலோ குட்டிக்கு அத சொட்டு சொட்டா ஊத்தறது விளையாட்டு இல்ல.

நோசோட் கதைதான் எனக்குக் கோவம் வர்ற இடம். துஜா குடுத்தது வெட்டி வேலை, அவ்வளவுதான், அதோட போகட்டும். ஊசிக்குப் பதிலா நோசோட், அதாவது நோயாளியோட எச்சில், சீழ் மாதிரி நோய்ப்பொருள எடுத்து நீர்த்துச் செய்யற ஹோமியோ மருந்துங்கறது வேற. ரேபிஸுக்கு அவங்க சொல்ற லிஸ்ஸின், 1833ல ஹேரிங்னு ஒருத்தர் வெறிநாய் எச்சில்லேர்ந்து செஞ்சது, லூயி பாஸ்டர் ரேபிஸ் ஊசி கண்டுபிடிச்சு 1885 ஜூலை 6ல ஒரு பையனுக்குப் போட்டதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி. அந்த அம்பது வருஷத்துல லிஸ்ஸினால வெறிநாய்க்கடிச் சாவு நின்னிருந்தா பாஸ்டருக்கு வேலையே இருந்திருக்காதே. 2015ல ஆஸ்திரேலியாவோட தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு இருக்கற ஆய்வெல்லாம் அலசிப் பாத்து, ஹோமியோபதி பலன் தருதுன்னு நம்பகமான ஆதாரம் எந்த ஒரு வியாதிக்கும் இல்லன்னு சொல்லிடுச்சு. நல்ல ஹோமியோ டாக்டர்கிட்ட போனீங்கன்னா அவரே நாய்க்கடிக்கு ஜிஎச்சுக்குத்தான் அனுப்புவார், அண்ணன் எந்த ரகம்னு எனக்குத் தெரியாது.

ஒரே ஊசியப் போட்டா போதாதா, எதுக்கு மறுபடி மறுபடி வரச் சொல்றாங்க, காசு புடுங்கறாங்கன்னு நிறைய பேர் நினைக்கறீங்க. தாய் நாயோட சீம்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்புல சில வாரம் இருக்கும், அது இருக்கற வரைக்கும் பார்வோ, டிஸ்டம்பர் (இதுவும் நாய்க்கு வர்ற வைரஸ் நோய்தான்) ஊசி மருந்தையும் அது அடிச்சுப் போட்டுடும், எந்தக் குட்டிக்கு எந்த வாரம் அது குறையும்னு சொல்ல முடியாது, அதனாலதான் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவைன்னு 16 வாரம் வரைக்கும் போடறாங்க. உங்க குட்டி சரியா அந்த நேரத்துல நிக்குது, இப்பப் போய் நிறுத்தறேங்கறீங்க. பார்வோ வந்த குட்டி ரத்தமா பேதி போய் ரெண்டு மூணு நாள்ல சுருண்டுடும், அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்கா சாகாம கிடக்கும், செருப்புலயே வீட்டுக்குள்ள வந்துடும்.

ஊசில ஆபத்தே இல்லன்னு நான் சொல்லல. அமெரிக்கால பன்னெண்டு லட்சத்துக்கு மேல நாய்ங்களோட பதிவேட்டப் பாத்த ஒரு ஆய்வு 2005ல வந்துச்சு, ஊசி போட்ட மூணு நாளுக்குள்ள பக்கவிளைவு வந்தது 10,000 நாய்க்கு சுமார் 38, அதுலயும் சின்ன ஜாதி நாய்க்கு, ஒரே நாள்ல நிறைய ஊசி போட்டா, கொஞ்சம் கூடுதல். உங்களுது சின்ன ஜாதிதான். அதனால அடுத்த தடவை போன தடவை நடந்தத டாக்டர்கிட்ட சொல்லி, எல்லாத்தையும் ஒரே நாள்ல போடாம பிரிச்சுப் போட முடியுமான்னு கேளுங்க, போட்டப்புறம் அரை மணி நேரம் அங்கயே உக்காருங்க. மூஞ்சி வீங்கினா, உடம்புல தடிப்பு வந்தா, வாந்தி நிக்காம எடுத்தா, மூச்சு வாங்கினா உருண்டை தேடாதீங்க, அப்பவே தூக்கிட்டு ஓடுங்க. காய்ச்சலுக்கு நம்ம குரோசின், புரூஃபன் எதையும் உடைச்சுக் குடுக்காதீங்க, பூனைக்கு பாரசிட்டமால் ஒரு மாத்திரையே உயிர எடுத்துடும். கட்டி சில வாரம் ஆகியும் கரையாம பெருசாகிட்டே போனா காட்டுங்க.

இன்னொண்ணு, சென்னை மாநகராட்சில நாய்க்கு லைசென்ஸ் எடுக்க ரேபிஸ் ஊசி சர்டிபிகேட் வேணும், நோசோட் குடுத்தேன்னு அண்ணன் எழுதிக் குடுக்கற சீட்டு அங்க செல்லாது. பூஸ்டருக்கு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி போறதா இருந்தா உங்களுக்குப் பக்கம்தான், காலைலயே கிளம்பிடுங்க, வரிசைல நிக்கும்போது குட்டிய கைலயே வச்சிருங்க, தரைல விடாதீங்க, பார்வோ வந்த குட்டிங்களையும் அங்கதான் தூக்கிட்டு வருவாங்க.