ஏசி கப்பாசிட்டரை நாமே மாற்றலாமா? மெயினை நிறுத்திய பிறகும் அதற்குள் கரண்ட் இருக்கலாம்

நீங்கள் கேட்டது: நிலாவெளியில் வீடு, சில வருடம் ஓடிய ஸ்பிளிட் ஏசி. உள்ளே காற்று வருகிறது, குளிர் இல்லை. வெளி யூனிட் சில செக்கன் உறுமிவிட்டு 'டிக்' என்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கதை. கப்பாசிட்டர் போயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். ஆள் வர ஒரு கிழமை ஆகும் என்பதால் நீங்களே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் எல்லா ஏசியிலும் அல்ல. முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள். 'இன்வெர்ட்டர்' என்று போட்டிருந்தால் மூடியைக் கழற்றவே வேண்டாம். அதன் கொம்பிரசருக்கு இந்த வகைக் கப்பாசிட்டர் கிடையாது. உள்ளே பலகையில் இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். அது பயிற்சி உள்ளவரின் வேலை. நீங்கள் சொல்லும் உறுமலும் டிக்கும் பழைய வகை, இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில்தான் வழக்கமாகக் கேட்கும். ஒற்றை பேஸ் மோட்டர் தானாகச் சுழலத் தொடங்காது. இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தை நேரத்தில் கொஞ்சம் விலக்கிக் கொடுத்தால்தான் அது திரும்பும். அந்த வேலையைச் செய்வது கப்பாசிட்டர், எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்துக் கொள்ளளவி. அது பலமிழந்தால் கொம்பிரசர் நின்ற இடத்திலேயே கரண்டை இழுத்துச் சூடாகும், பாதுகாப்பு சுவிட்ச் வெட்டிவிடும்.

நான் உப்புவெளியில் கடலுக்குப் பக்கத்தில் இரண்டு அறை விடுதி வைத்திருக்கிறேன். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஏசி இரவு பகலாக ஓடும். கப்பாசிட்டருக்கு வெக்கை எதிரி, உப்புக் காற்று அதன் முனைகளுக்கு எதிரி. மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். முதல் தடவை நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அன்று அக்காவின் மகன் உதவிக்கு வந்தான். "மாமா, மெயின் ஓஃப் பண்ணிட்டன், பயமில்லை" என்றான். சொன்னது உண்மைதான், மெயின் ஓஃபில்தான் இருந்தது. குறடால் வயரை இழுத்தபோது அவனுடைய விரல்கள் கப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும் பட்டுவிட்டன. கதிரையோடு பின்னால் விழுந்தான். முழங்கையில் மூன்று தையல். தலை அடிபடாததை நினைத்து இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

"வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே" என்று நினைத்துவிடாதீர்கள். லைனில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்றுதான் ட்ரிப் சுவிட்ச் பார்க்கிறது. கப்பாசிட்டரில் தேங்கியது ஒரு முனையிலிருந்து உங்கள் கைவழியாக மறு முனைக்குப் போகிறது. அது ட்ரிப் சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. சாதாரணமாக, ஏசி நின்றதும் மோட்டர்ச் சுருள் வழியாக அந்த மின்னேற்றம் இறங்கிவிடும். ஆனால் லக் (வயர் நுனியில் முனையோடு கொளுவும் சிறு உலோகத் துண்டு) துருப்பிடித்து, கருகி, இணைப்பு விட்டுப் போயிருந்தால் இறங்குவதற்கு வழி இல்லை. எங்கள் கரையோரத்தில் லக் எந்த நிலையில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மருமகன் தொட்டதும் அப்படிப்பட்ட ஒன்றைத்தான்.

அதனால் வேலையின் முக்காற்பங்கு வயரைக் கழற்றுவதற்கு முன்பே இருக்கிறது. ரிமோட்டில் நிறுத்துவது நிறுத்தியதாகாது. வெளி யூனிட்டில் ஒரு வயரில் லைன் இருந்துகொண்டே இருக்கலாம். ஏசிக்கான பிரேக்கரை இறக்கி, மெயினையும் நிறுத்தி, மேலே டேப் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுத்து, கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த ஓர் இடத்தில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள் (மெயினை இறக்கினாலும் பேட்டரியில் ஓடும் லைன் எதுவும் வீட்டில் இல்லாவிட்டால் மெயினை இறக்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்). அதற்குப் பிறகுதான் யூனிட்டின் முனைகளில் வைக்க வேண்டும். டெஸ்டர் பல்ப் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி நான் கை வைப்பதில்லை.

அப்புறம் மின்னேற்றத்தை இறக்குவது. பலர் ஸ்க்ரூ டிரைவரை இரு முனைக்கும் குறுக்கே வைப்பார்கள். 'படார்' என்று பொறி பறக்கும், உருகிய உலோகம் கண்ணுக்குத் தெறிக்கலாம். ரேடியோ சாமான் கடையில் 20 கிலோ ஓம், 5 வாட் தடையி (ரெசிஸ்டர்) ஒன்று வாங்குங்கள். இரண்டு பக்கமும் நன்றாக மூடிய வயர் போட்டு, பிடிக்கும் இடத்தில் உலோகம் தெரியாதபடி செய்து, அதை முனைகளுக்கு இடையில் பத்து செக்கன் பிடியுங்கள். 35 மைக்ரோபரட் (µF, கப்பாசிட்டரின் அளவைச் சொல்லும் அலகு) கப்பாசிட்டர் இந்தத் தடையியில் நான்கு செக்கனுக்குள் இறங்கிவிடும். மிச்சம் உங்கள் நிம்மதிக்கு. அதோடு விடாமல் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, பூச்சியத்துக்குக் கிட்ட வந்துவிட்டதா என்று பாருங்கள். மூன்று முனை உள்ளது என்றால் ஒவ்வொரு சோடிக்கும் இதைச் செய்ய வேண்டும்.

இனி மிச்சம் இலகு. வயரை எடுக்கும் முன் கைபேசியில் இரண்டு மூன்று படம் எடுங்கள். ஒரே முனையில் இரண்டு வயர் இருந்தால் புதியதிலும் அவை ஒரே முனைக்கே போக வேண்டும். தலை வீங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது முடிந்துவிட்டது. வீங்காமலும் பழுதாகும், அதனால் கழற்றிய பின் மீட்டரால் அளந்து பாருங்கள். 35 என்று அச்சிட்டு 5 வீதம் கூடக் குறைய என்றிருந்தால் 33.25-க்கும் 36.75-க்கும் இடையில் காட்ட வேண்டும். மலிவான மீட்டர் சில 20-க்கு மேல் அளக்காது, வாங்கும்போது கவனியுங்கள்.

பழையதைக் கடைக்குக் கொண்டு போங்கள். மைக்ரோபரட் அதே அளவு. "40 போட்டாலும் ஓடும் அண்ணை" என்று கடைக்காரத் தம்பி சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; அந்தச் சுருள் அந்த அளவுக்கென்று சுற்றப்பட்டது. வோல்ட் 450 என்றிருந்தால் 450 அல்லது அதற்கு மேல். ஓடும்போது அந்த முனைகளுக்கிடையில் 230-ஐ விடக் கூடுதலாக இருப்பதால்தான் அந்த எண். உலோகக் குவளை வகை நல்லது. உள்ளே அழுத்தம் கூடினால் அதன் தலை எழும்பி இணைப்பை அறுத்துவிடும். அது எழும்ப மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். கருகிய லக்கைத் திரும்பப் பாவிக்காமல் வெட்டிப் புதிது போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் இதே வேலைதான்.

மூடியைப் பூட்டிய பிறகே கரண்டைக் கொடுங்கள். கொம்பிரசர் ஓட மூன்று நிமிடம் வரை எடுக்கலாம். மறுபடி உறுமினால் உடனே நிறுத்துங்கள். பழுது கொம்பிரசரில் இருக்கலாம்.

யூனிட் மேல்மாடிச் சுவரில் தொங்குகிறது என்றாலோ மழை ஈரம் காயவில்லை என்றாலோ இதில் எதையும் செய்யாதீர்கள். மருமகனைக் காயப்படுத்தியது அடித்த கரண்டை விட விழுந்த விழுகைதான். அந்த ஒரு கிழமை மின்விசிறியோடு சமாளியுங்கள். ஆள் வந்ததும் பழைய கப்பாசிட்டரை உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.