கிரேக்கப் புராணத் தெய்வங்கள் இன்றைய கிரேக்கர்களின் பண்டிகைகளில் எங்காவது மிஞ்சியிருக்கின்றனவா?

புராணக் கதைகளைப் படித்துவிட்டு, இத்தனை தெய்வங்களும் எங்கே போயின என்ற ஏக்கத்தோடு நீங்கள் கேட்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். 'கிறிஸ்தவம் வந்ததும் எல்லாம் அழிந்துவிட்டது' என்று ஒரே வரியில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். அதை என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை. கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்காக, ஏதென்ஸுக்கு மேற்கே உள்ள எலெஃப்சினா என்ற துறைமுக ஊரில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் நான். பழைய எலியூசிஸ் அதுதான். அங்கே தெய்வத்தின் பெயர் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அந்தத் தெய்வத்துக்குரிய தானியம் இன்னும் பானையில் வெந்துகொண்டுதான் இருக்கிறது.

மகள் பெர்செஃபோனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் கவர்ந்து சென்றதும், தானியத் தெய்வமான டிமீட்டர் கிழவி வேடத்தில் அலைந்து வந்து சேர்ந்த ஊர் எலியூசிஸ். அவள் துயரத்தில் நிலம் விளையாமல் போயிற்று, மகள் மீண்டாள், ஆனால் பாதாளத்தில் மாதுளை விதையை உண்டுவிட்டதால் ஆண்டில் ஒரு பகுதியை அங்கேயே கழிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையைச் சுற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த இரகசியச் சடங்குகள், ரோமப் பேரரசர் தியோடோசியஸின் தடையாலும், 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோத் இன அரசன் அலாரிக்கின் படைகள் செய்த அழிவாலும் நின்றுபோயின.

அந்த இடிபாடுகளுக்கு மேலே உள்ள குன்றில் மரியன்னை என்னும் மாதாவுக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. அங்கே அவளுக்கு மெசோஸ்போரிட்டிஸா என்று பெயர். விதைப்புக் காலத்தின் நடுவில் வரும் மாதா என்று பொருள். நவம்பர் 21 அவள் திருநாள். முதல் நாள் பகலிலேயே என் வீட்டுக்கார அம்மா கோதுமை, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, மொச்சை, மக்காச்சோளம் ஆகியவற்றை வேகும் நேரத்துக்கேற்ப ஒவ்வொன்றாக வேகவைத்து, நீரை இறுத்து, வெள்ளைத் துணியில் பரப்பி உலரவிட்டார். பிறகு மாதுளை முத்துக்களும் உலர்திராட்சையும் வால்நட்டும் இலவங்கப்பட்டைத் தூளும் சேர்த்துக் கிளறினார். இதற்குப் பொலிஸ்போரியா என்று பெயர். மாலையில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கிண்ணங்களை ஏந்தி, பழைய கோயிலின் உடைந்த தூண்களுக்கு நடுவே மேலேறினார்கள். பாதிரியார் ஆசீர்வதித்ததும், முன்பின் தெரியாத எனக்கும் ஒவ்வொருவரும் ஒரு கை அள்ளிக் கொடுத்தார்கள். ஊன்றிய விதை முளைக்க வேண்டும் என்பதே அந்த மாலையின் வேண்டுதல். பெரும்பாலும் ஆலைகளும் கப்பல் பட்டறைகளுமாகிவிட்ட ஓர் ஊரில் அந்த வேண்டுதலை அத்தனை பக்தியோடு கேட்டது என்னை உலுக்கிவிட்டது.

பண்டைய ஏதென்ஸிலும் இலையுதிர் காலத்தில் பியனோப்சியா என்ற விழாவுக்குப் பலவகைப் பயறுகளை ஒன்றாக வேகவைத்தார்கள். காளைத் தலை அரக்கனான மினோட்டாரைக் கொன்று திரும்பிய புராண வீரன் தீசியஸும் தோழர்களும் எஞ்சிய உணவையெல்லாம் ஒரே பானையில் போட்டுச் சமைத்ததன் நினைவு அது என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். ஆந்தெஸ்தீரியா விழாவின் மூன்றாம் நாளிலும் பல தானியப் பானை இறந்தோருக்காகப் படைக்கப்பட்டது. இன்றைய கிரேக்கர்கள் இறந்தவர் நினைவு நாளில் அவித்த கோதுமையில் மாதுளை முத்துக்களைக் கலந்து கொலிவா செய்து கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். பெர்செஃபோனியைப் பாதாளத்தோடு பிணைத்த அதே கனி அது.

'சான்று எங்கே, இதெல்லாம் தற்செயல்' என்று சிலர் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன். இடையறாத தொடர்ச்சி என்று அடித்துச் சொல்லவும் இல்லை. இன்றைய கிரேக்கர்களுக்குப் பழைய கிரேக்கர்களோடு இரத்த உறவே இல்லை என்று 1830இல் ஃபால்மெராயர் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் எழுதியதற்கு மறுப்பாகவே 19ஆம் நூற்றாண்டு நாட்டார் ஆய்வாளர்கள் பலர் தொடர்ச்சியைத் தேடிப் புறப்பட்டார்கள் என்பதையும், அந்த வேகத்தில் சிலவற்றை மிகைப்படுத்தினார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதே ஊரில், அதே பருவத்தில், அதே வேண்டுதலோடு தானியம் வேகும்போது 'எல்லாம் அழிந்துவிட்டது' என்று சொல்வதற்கும் சான்று வேண்டும் அல்லவா?

உண்மையில் பறிபோனது எது என்றால், ஒரு சிலையைத்தான் சொல்வேன். எலியூசிஸ் மக்கள் தலையில் கூடை சுமந்த ஒரு பழைய பெண் சிலையைச் சுற்றி எருவைக் குவித்து, வயல் விளைவது அவளால்தான் என்று நம்பி வந்தார்கள். 1801இல் கிளார்க் என்ற ஆங்கிலேயர், விளைச்சல் போய்விடும் என்று அவர்கள் அஞ்சி எதிர்த்தும் கேளாமல், அதிகாரிகளிடம் அனுமதி வாங்கிப் பெயர்த்துக் கொண்டுபோனார். அது டிமீட்டரே அல்ல, கூடை சுமக்கும் பணிப்பெண் என்று அறிஞர்கள் பிறகு கண்டார்கள். அதனால் அவர்களுடைய நம்பிக்கை பொய்யாகிவிடாது. சிலை இன்றும் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வழிபாட்டில் இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கண்காட்சியில் வைத்துவிட்டு, அந்த வழிபாடு முன்பே இறந்துவிட்டது என்று பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நேரில் பார்க்க விரும்பினால் நவம்பர் 20 மாலையில் போங்கள். ஏதென்ஸிலிருந்து பேருந்து உண்டு. யாராவது தானியம் நீட்டினால் தயங்காமல் இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.