ஆள் நடமாட்டமில்லாத பாறை மலைக்கு இரண்டு பேர்: வாசகர் கேள்விகள்

கே: நந்தி மலை, சாவன்துர்கா எல்லாம் நண்பரும் நானும் பார்த்தாகிவிட்டது. மாகடி, ராமநகரம் பக்கம் கூட்டமே இல்லாத ஒரு பாறை மலையில் ஒரு நாள் ஏற ஆசை. படிக்கட்டு, பாதை எதுவும் கிடையாதாம். எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகர், அல்சூர்

ப: மலை யாருடைய எல்லையில் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள குன்றுகள் பல காப்புக்காட்டில் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது. ராமநகரத்திலுள்ள ராமதேவர பெட்டா என்ற மலை 2012 முதல் பாறுக் கழுகுகளுக்கான சரணாலயம். கழுகுகள் கூடு கட்டும் பாறை முகப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் பாறை கையைச் சுடும், மாலையில் இடி மின்னலும் வரும்.

அடிவாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வண்டியை நிறுத்தி மலையை நிதானமாகப் பாருங்கள். கிட்டே போய்விட்டால் முழு மலையும் கண்ணுக்குத் தெரியாது. போனில் ஒரு படம் எடுத்து மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: புதர் அடர்ந்த பிளவுகள், மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பட்டைகள், கூரைபோல் நீட்டிய பாறைக்கு அடியில் தொங்கும் தேனடைகள். கறுப்புப் பட்டை மழைநீர் வழியும் இடம். அதிலுள்ள பாசி காய்ந்திருந்தால் பிடிக்கும், ஈரம் பட்டால் சோப்புதான். முந்தின நாள் மழை பெய்திருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

ஆடு மேய்ப்பவர் கண்ணில் பட்டால் விடாதீர்கள். "தாரி எல்லிதே? ஜேனு இதெயா? கரடி இதெயா?" (வழி எங்கே? தேனீ இருக்கிறதா? கரடி இருக்கிறதா?) என்று கன்னடத்தில் மூன்று கேள்வி போதும். கரடிக்குக் கன்னடத்திலும் கரடிதான். பகலில் அது பாறைப் பொந்துகளில் படுத்திருக்கும், அதனால் குகை எதற்குள்ளும் எட்டிப் பார்க்காதீர்கள். நன்றாக விடிந்த பிறகு ஏறத் தொடங்குங்கள்.

கே: சரிவுப் பாறையில் கால் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. விலை உயர்ந்த ஷூதான் போட்டிருக்கிறேன்.
- ஒரு வாசகி, ஜெயநகர்

ப: குறை பெரும்பாலும் ஷூவில் இருக்காது, உடம்பு நிற்கும் விதத்தில் இருக்கும். பயத்தில் பாறையோடு ஒட்டிப் படுத்தால் எடை பாதத்தை விட்டு நகர்கிறது, வழுக்குகிறது. இடுப்பைப் பாறையிலிருந்து தள்ளி, எடை நேராகப் பாதத்தின் மேல் இறங்கும்படி நில்லுங்கள். குதிகாலைத் தாழ்த்தினால் ரப்பர் அதிகமாகப் பாறையைத் தொடும். சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

ராமநகரம் பக்கத்துக் கருங்கல் சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. ஊரின் பழைய பெயரை வைத்தே அதைக் குளோஸ்பேட் கிரானைட் என்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் விரல் நகம் அளவுக்கு இளஞ்சிவப்புப் படிகங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். முன்பாதம் வைக்க அவையே போதும். ஆனால் இந்தப் பாறை வெங்காயத் தோல்போல் உரியும் குணம் உள்ளது. பிடிக்கப்போகும் பொருக்கை முதலில் விரல் முட்டியால் தட்டுங்கள். "டொக்" என்று உள்ளே காலியாக ஒலித்தால் அதை இழுக்காதீர்கள். ஏறும் முன் ஷூ அடியிலுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், மண் துகள் பாறையில் உருளும்.

கே: ஏறிவிடுகிறோம். இறங்கும்போதுதான் நடுங்குகிறது.
- ஒரு வாசகர், சிவாஜி நகர்

ப: நடுங்குவதில் தவறே இல்லை. இந்த மலைகளின் உச்சி கவிழ்த்த சட்டிபோல் உருண்டது. மேலே நின்றால் பத்தடிக்கு அப்பால் சரிவு மறைந்துவிடும். அது நடக்கக்கூடிய சரிவா, செங்குத்தா என்று தெரியாது. புதிய வழியில் இறங்கிப் பாதியில் மாட்டிக்கொள்வது இதனால்தான். ஏறிய வழியிலேயே இறங்குங்கள்.

அதற்கான வேலை ஏறும்போதே நடக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பி நின்று, கீழ்நோக்கி ஒரு படம் எடுங்கள். குழப்பமான இடத்தில் மூன்று கல்லை அடுக்கி வைத்து, திரும்பும்போது கலைத்துவிடுங்கள். பெயின்ட் வேண்டாம். சந்தேகமான இடம் வந்தால் ஆறடி ஏறி, உடனே இறங்கிப் பாருங்கள். இறங்க வரவில்லை என்றால் அது உங்கள் வழி இல்லை.

சரிவு லேசாக இருந்தால் முகம் வெளியே பார்க்க, முழங்கால் மடக்கி நடந்து இறங்கலாம். கை தேவைப்பட்டால் ஏணியில் இறங்குவதுபோல் பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளுங்கள். குண்டுக்கல்லிலிருந்து குதிக்கவே கூடாது, கணுக்கால் பிசகுவது அங்கேதான். முதலில் பையைக் கீழே கொடுங்கள். கீழே இருப்பவர் பக்கவாட்டில் நின்று, கால் எங்கே வைப்பது என்று சொல்லட்டும். நேர் கீழே நின்றால் ஒருவர் விழுந்தால் இருவருக்கும் அடி. கல் உருண்டால் "கல்லு!" என்று கத்துங்கள்.

8 மணிக்கு ஏறத் தொடங்கினால், உச்சி வந்தாலும் வராவிட்டாலும் 12.30-க்குத் திரும்புங்கள். ஜனவரியில் ஆறு மணி தாண்டியதும் சூரியன் போய்விடும், இறங்கவும் ஏறிய அளவு நேரம் ஆகும்.

கே: கயிறு கொண்டுபோகலாமா?
- ஒரு வாசகர், மர்ஃபி டவுன்

ப: பையை இறக்கப் பத்து மீட்டர் போதும். இடுப்போடு இடுப்பைக் கட்டிக்கொள்ளாதீர்கள். பாறையில் கயிற்றை உறுதியாகக் கட்டத் தெரியாதபோது, ஒருவர் சறுக்கினால் மற்றவரும் கூடவே போவார். கயிறு இல்லாமல் முடியாத இடம் என்றால் கற்றுக்கொடுப்பவரோடு போகும் இடம் அது.

கே: மலைத்தேனீ துரத்தினால்?
- ஒரு வாசகி, விவேக் நகர்

ப: அடையைப் பார்த்தால் சுற்றிப் போங்கள். சென்ட் பூசாதீர்கள், புகை போடாதீர்கள். ஒன்று கொட்டினாலே அந்த வாசனை மற்றவற்றை அழைக்கும். அதனால் கையை வீசாமல், துண்டால் தலை, முகத்தை மூடிக்கொண்டு, தவறி விழாத திசையில் வேகமாக விலகுங்கள். சரிவில் ஓடினால் கொட்டியதைவிடப் பெரிய ஆபத்து. தூரம் போனதும் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறினாலோ உதடு வீங்கினாலோ 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கே: இரண்டே பேர் போவது சரியா? என்ன கொண்டுபோவது?
- ஒரு வாசகர், ஸ்ரீராம்புரம்

ப: போகலாம். ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் அவரைத் தனியே விட்டுத்தான் உதவிக்குப் போக வேண்டியிருக்கும். எனவே மூன்றாவது ஆள் வீட்டில் இருக்கட்டும். மலையின் பெயர், வண்டி நிறுத்திய இடம், ஏறும் பக்கம் எல்லாம் அவரிடம் சொல்லி, மாலை 6-க்குள் போன் வராவிட்டால் 112-க்குச் சொல்லச் சொல்லுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பாறைச் சுனைத் தண்ணீரை நம்பாதீர்கள். புளியோதரை, வாழைப்பழம், விசில், தலையில் மாட்டும் டார்ச், கிரேப் பேண்டேஜ். முட்புதருக்கு முழுக்கால் பேன்ட். போனில் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்து, பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் தண்ணீரில் பாதி தீர்ந்ததும், மணி எதுவானாலும், திரும்பிவிடுங்கள்.